உடைந்த வாளும் முஷ்டிக் கத்தியும்

மலருக்குக் கட்டுரை கேட்டால் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பவுண்டரி லேபில் நாம் தூங்கி வழிந்துகொண்டே படித்த ஒரு பாடம் சரித்திரத்துக்கு எப்படி உதவுகிறது என்று சொல்ல ஆசை. விஷயம் பழைய ஆயுதங்கள். பயப்பட வேண்டாம், யாரையும் குத்தப் போவதில்லை!

நான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரன். கல்வராயன் மலைப்பக்கம் போனால் கொடுவாள் இல்லாத வீடு கிடையாது. லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி அடித்த கொடுவாளில் சில சமயம் பட்டையின் போல்ட் ஓட்டை பாதி தெரியும். ஒரு பொருள் முன்பு என்னவாக இருந்தது என்பதை அந்த அரை ஓட்டை காட்டிக் கொடுத்துவிடும். கைவேலை ஆயுதங்களை அடையாளம் காண்பதும் இதே வழிதான்.

1914-18 உலகப்போரில் பதுங்குகுழிக்குள் நீளமான துப்பாக்கியும் பயனெட்டும் திரும்ப இடமில்லாமல் தடுமாறின. கைக்கு அடக்கமான கத்தி தேவைப்பட்டது. பிரெஞ்சுச் சிப்பாய்கள் முள்கம்பி கட்டும் இரும்பு முளையையே கூராக்கி, மறுமுனையை வளைத்துக் கைப்பிடியாக்கினார்கள். இங்கிலாந்தில் டட்லி ஊரின் ராபின்ஸ் கம்பெனி, விரல் முட்டிகளை மூடும் உலோகப்பிடி வைத்த கத்திகளைச் செய்தது. அமெரிக்க ராணுவம் 1918ல் பித்தளை வார்ப்புப் பிடியோடு மார்க் 1 கத்தியைக் கொண்டுவந்தது. பிடியில் நாலு வளையம்; குத்தவும் செய்யலாம், குத்து விடவும் செய்யலாம். இதைத்தான் முஷ்டிக் கத்தி என்கிறேன். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் முனைக்குப் போன வீரர்களுக்கு இதேபோல் அலுமினியத்தில் பிடி வார்த்து, பழைய பயனெட்டை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார்கள்.

வெட்டிய அலகைக் கண்டுபிடிப்பது சுலபம். அலகின் நீளவாக்கில் ஓடும் காடியைப் பாருங்கள். முழு அலகாகச் செய்திருந்தால் காடி முனைக்கு முன்பே அழகாக முடியும். வெட்டியதில் அது முனை வரை ஓடி, திடீரென்று அறுந்து நிற்கும். ஆனால் வெட்டிய அலகெல்லாம் சிப்பாயின் கைவேலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நம் நாட்டில் 17 அங்குல பயனெட்டுகளை ராணுவமே 12 அங்குலமாகக் குறைத்தது. அது சர்க்கார் வேலை.

போலியைப் பிடிப்பதில்தான் சுவாரஸ்யம். சேகரிப்போர் நல்ல விலை கொடுப்பதால் போலிகளுக்குப் பஞ்சமில்லை. அசல் பிடியையே பேட்டர்னாக வைத்து மணலில் வார்த்துவிடுவார்கள். இங்கேதான் நம்ம பாடம் வருகிறது: ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ்! பித்தளை ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். 120 மி.மீ. பிடியிலிருந்து எடுத்த நகல் ஏறக்குறைய 118தான் இருக்கும். அசல் அளவு தெரிந்தால் வெர்னியர் போதும். எழுத்துகளும் மழுங்கியிருக்கும். வைவாவில் இந்தக் கேள்விக்கு முழித்தவர்கள் என்னை மன்னிக்கவும்.

இவ்வளவும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம கட்டாரி இருக்கிறதே! இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே குறுக்குப்பிடி. பிடித்தால் முஷ்டிக்கு நேர் முன்னால் அலகு நிற்கும். 14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இப்னு பதூதாவே கையை நுழைத்துப் பிடிக்கும் இந்த ஆயுதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். விஜயநகர, நாயக்கர் காலத்துக் கட்டாரிகள் பலவற்றில் விரல் முட்டிகளை மூட இலை மாதிரியோ சிப்பி மாதிரியோ ஒரு கவசத்தகடு உண்டு. சிலவற்றில் அதில் யாளி உருவம் வேறு. முஷ்டியையும் காத்து, கத்தியாகவும் நிற்கும் அந்த யோசனை டட்லிக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பிய வாளிலிருந்து வந்தது. கடல்வழியாக வந்த பரங்கி வாளை வெட்டி, நம்ம கொல்லர்கள் தங்கள் பிடியில் ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். காடியும் ரிவெட்டும் இன்றும் சாட்சி சொல்கின்றன. நியூசிலாந்துப் பட்டறை பயனெட்டுக்குச் செய்ததை நம்மவர் பரங்கி வாளுக்குச் செய்தார்கள், அவ்வளவுதான்.

1855ல் தஞ்சை மராட்டிய அரசு கம்பெனிக்குப் போனது. அரண்மனை ஆயுதசாலையில் ஒரு பகுதி சென்னை மியூசியத்துக்கு வந்தது. பெரும்பகுதி 1860களில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போயிற்று. மிஞ்சியதைப் பற்றி ராபர்ட் எல்குட் 2004ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். உடைத்ததைப் பற்றி யார் எழுதுவது?

நம் பக்கம் தியாகதுர்க்கம் கோட்டையைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படைகள் என்று எல்லோரும் சண்டை போட்டார்கள். அந்தக் காலத்து இரும்பு கிராமத்துப் பரணில் கிடந்தால் இன்றைக்கும் கிலோ கணக்கில் காயலான் கடைக்குத்தான் போகும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எமரி தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், முத்திரை போய்விடும். ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். காடி எங்கே முடிகிறது, ரிவெட் எத்தனை, யார் வீட்டுப் பரண் என்று எழுதி வையுங்கள். நூறு வருஷம் தாண்டியது என்றால் 1972 சட்டப்படி அது தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்லியல் துறைக்கோ மியூசியத்துக்கோ ஒரு கடிதம் போட்டால் போதும். வெர்னியர் இல்லாதவர்கள் நம்ம மெட்ராலஜி லேபில் கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போட்டால் தருவார்கள்.