கடுக்காயும் கறையும்

நம்முடைய கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நழுவிப் போகிறவனைக் 'கடுக்காய் கொடுத்துவிட்டான்' என்று சொல்லும் வழக்கு தமிழ்நாட்டில் எப்படித் தோன்றிற்றோ, அந்த அபவாதத்துக்கு அந்தக் காய் எள்ளளவும் பாத்திரமானதன்று. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையில் விளைந்து, தலைச்சுமையாக இறங்கி, சமவெளிச் சந்தைக்கும் அங்கிருந்து தோல் பதனிடும் ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்த அந்தக் காய், தான் தொட்ட தோலை ஒருபோதும் ஏமாற்றியதில்லை; அழுகலிலிருந்தும், வெயிலில் சிவந்துபோவதிலிருந்தும் அதைக் காத்துக்கொடுத்தது. தோலில் படியும் கறையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் கடுக்காயிலிருந்து தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கறையின் சரித்திரமும் பதத்தின் சரித்திரமும் ஒரே காயின் இரண்டு பக்கங்கள் என்பதே நான் சொல்லவந்த விஷயம்.

முதலில் அந்த மலையைப் பார்த்துவிடுவோம். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரண்டாகப் பிரிந்து, சேலம் சீமைக்கும் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவுக்கும் நடுவே வேலிபோலக் கிடக்கும் அந்த மலைத்தொடரில், தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வம்ச பரம்பரையாகக் கதை சொல்லும் மலையாளிகள் சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்துவருகிறார்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயரொற்றுமை தவிர வேறு சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் என்பதே அந்தப் பெயருக்கு இங்கே பொருள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இந்த மலை வெகுகாலம் இருந்தது. தேசம் சுதந்திரமடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் வரியும் கூலியில்லா வேலையும் அவர்களுக்கே செலுத்திவந்த மலை ஜனங்கள், 1976-ஆம் ஆண்டில்தான் அரசாங்கத்தின் நேரடி ஆளுகைக்குள் வந்தார்கள். கீழே உள்ள ஊர்கள் தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல் விழுப்புரத்துக்குப் போய், 2019-இல் கள்ளக்குறிச்சி என்ற தனி மாவட்டமாயின. அரசாங்கக் காகிதத்தில் எல்லைகள் மாறின. மலையிலிருந்து இறங்கும் சரக்கு மாறவில்லை. கடுக்காய், புளி, தேன், சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகிய ஐந்தும் அந்த மூட்டைகளில் இருந்தன. இவற்றில் தேன் நீங்கலாக மற்ற நான்கும் தோலின் கறையோடு சம்பந்தப்பட்டவை என்பதைப் பின்னால் காண்போம்.

கடுக்காய் மரம் சித்திரை வைகாசியில் பூத்து, கார்த்திகைக்குப் பின் மாசி பங்குனிவரை காயை முதிர்த்துக் கொடுக்கும். பொறுக்கிய காயை வெயிலில் உலர்த்தினால் ஐந்து வரம்புகள் எழும்பி, மஞ்சளும் பழுப்பும் கலந்து, கல்போல இறுகிவிடும். வைத்தியர் அதை உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் எடுத்துக்கொள்வார். கொட்டை ஆகாது என்பது அவருடைய சாஸ்திரம். தோல் பதனிடுகிறவரும் கொட்டையைக் கழித்துவிட்டுத் தோலைத்தான் எடுத்துக்கொள்வார். துவர்ப்பெல்லாம் தோலில்தான் இருக்கிறது, கொட்டையில் இல்லை என்பது அவருடைய அநுபவம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு தொழிற்காரர்கள் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்ததற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எளிதில் கிடைக்காது. உலர்ந்த கடுக்காயின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு துவர்ப்புச் சத்து என்பது பிற்கால ரசாயனக் கணக்கு. இந்தச் சத்துக்காகவே இந்தியக் கடுக்காய் பிமிலிப்பட்டினம், ஜபல்பூர் என்று ஊர்ப்பெயரால் தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலேறி ஐரோப்பாவின் பதனிடுகுழிகளுக்குப் போயிற்று. சென்னைக் கரைச் சரக்கு என்றும் அவற்றில் ஒரு வகை உண்டு.

மலைமேல் கடுக்காய் என்றால் மலையடியில் ஆவாரை. சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்துக் கரட்டு நிலங்களில் யாரும் நடாமலும் நீர் வார்க்காமலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அந்தச் செடியைச் சேலத்தாரும் கொங்கு நாட்டாரும் பொங்கலுக்கு முன்னாள் காப்புக் கட்டுக்குத் தேடுவார்கள். தோல்காரரோ அதன் பட்டைக்காகத் தேடினார். சென்னை ராஜதானியின் தோல் பதனிடும் கிரமம் இந்த இரண்டின் கூட்டுறவில் நின்றது. உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிரை வழித்து, உட்புறத்துச் சதையைச் சீவி, சுண்ணாம்பு போகக் கழுவி, பிறகு ஆவாரம்பட்டை நீரில் வாரக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் போட்டு, கடைசியாகக் கடுக்காய் நீரில் முக்கியெடுத்து, எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவார்கள். ஆவாரை தோலைத் தோலாக்கிவிட்ட பிறகும் கடுக்காய் எதற்கு என்று கேட்கலாம். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வெளிச்சம் பட்டால் நாளாவட்டத்தில் செம்மையேறும் சுபாவமுடையது. கடுக்காயின் துவர்ப்பு அந்தச் செம்மையைத் தடுத்து, வெளிறிய மஞ்சளில் நிறுத்திவிடும். இப்படிப் பதனிட்டு, சாயமும் மெருகும் ஏற்றாமல் லண்டன் சந்தைக்கு அனுப்பப்பட்ட தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயர் உலகப் பிரசித்தி. இன்றைக்கும் 'இ. ஐ. லெதர்' என்று தமிழ்நாட்டின் புவிசார் குறியீட்டுப் பட்டியலில் அது இருக்கிறது.

மெருகேறாத தோல் என்பது கதவு சாத்தாத வீடு. சாயமும் அரக்கும் பூசிய செருப்பின்மேல் விழுந்த துளி மேலேயே உருண்டு நிற்கும். பதனிட்டபடியே விட்ட தோலில் விழுந்த துளி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, விளிம்பில் ஒரு வட்டத்தை எழுதிவிட்டுத்தான் உலரும். அறுத்த இடத்து ரத்தம், கட்டுத்தறிச் சாணம், காலின் வியர்வை, விளக்கெண்ணெய், மழைக்காலத்துப் பூஞ்சணம் ஆகிய எல்லாம் தோல் இந்த நிலையிலிருக்கும்போதுதான் அதில் குடியேறுகின்றன. இவையெல்லாவற்றையும்விடத் தொழிற்காரர் அஞ்சியது இரும்பை. பட்டை நீரில் ஊறும் தோல்மேல் துருவேறிய கத்தியை ஒரு நிமிஷம் மறந்து வைத்துவிட்டால், கத்தியின் உருவம் அப்படியே கருப்பாகப் பதிந்துவிடும்.

இதைப் பரீட்சித்துப் பார்க்க ஆராய்ச்சிசாலை வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் ஒரு கடுக்காய் வாங்கி, அம்மியில் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டு, மிஞ்சியதைக் கால் டம்ளர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். விடிந்ததும் அது மங்கிய மஞ்சள் நீராக இருக்கும். அதில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால், ஆணியைச் சுற்றி நீலங்கலந்த கருமை புகைபோலக் கிளம்பி, கொஞ்சங் கொஞ்சமாக டம்ளர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நம்முடைய முன்னோர் கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கூட்டி மை காய்ச்சியது இந்த உண்மையைக் கொண்டுதான். கணக்கர் கையில் அது எழுத்து, சாயக்காரர் கையில் அது வர்ணம், தோல்காரர் கையில் அது கறை. வஸ்து ஒன்றே, விரும்பி வந்ததா விரும்பாமல் வந்ததா என்பதில்தான் பேதம்.

இனி, வந்த கறையைப் போக்கும் வகை. அந்தக் கரிய நீரில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் கருமை தளர்ந்து வெளுக்கத் தொடங்கும். கரைத்த புளியும் மெல்ல அதே காரியத்தைச் செய்யும். ஆகவே இரும்புக் கறைக்குப் புளிப்பு மருந்து. சவுக்காரமும் சலவைச் சோடாவும் சாம்பலும் அதற்கு நேர்விரோதமானவை. காரம் பட்ட இடத்தில் பட்டைத் துவர்ப்பு மேலும் கறுத்துப்போகும் என்பதை அறியாமல் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தோலைக் கெடுத்தவர்கள் அநேகர். அழுக்கை மாத்திரம் எடுக்கவேண்டுமானால் பூந்திக்கொட்டை நுரையும் சீயக்காயும் போதும், அவை காரமற்றவை. எண்ணெய்க் கறைக்கு நீரே ஆகாது. உலர்ந்த களிமண் பொடியையோ மாவையோ கனமாகத் தூவி, ஒரு நாள் விட்டு, தட்டியெடுத்து, மறுபடியும் தூவவேண்டும். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர்தான். வெந்நீர் பட்டால் ரத்தத்தின் சத்து உறைந்து இறுகுவதோடு, தோலும் சுருங்கிக் கருவாடாகிவிடும். எந்த நீரைப் பயன்படுத்தினாலும் கறை பட்ட இடத்தை மட்டும் நனைக்காமல், துண்டு முழுவதையும் ஒரே சீராக ஈரப்படுத்தி நிழலில் உலர்த்தினால்தான், போன கறையின் இடத்தில் நீர்க்கோடு என்ற புதுக் கறை வராது. தோலைக் கடுக்காய் கொண்டு காத்த மலையே, புளியையும் பூந்திக்கொட்டையையும் சீயக்காயையும் தந்து அதன் கறைக்கும் வைத்தியம் வைத்திருந்தது.

உயிர்ப்பொருள் கறைகளைப் பற்றிப் பேசும்போது உலக சரித்திரத்தில் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமலிருக்க முடியாது. சுண்ணாம்பில் ஊறிய தோலை மிருதுவாக்க ஐரோப்பாவில் நாய்விட்டையும் புறா எச்சமும் வழங்கிவந்தன. அந்த அருவருப்புக்கு மாற்றுத் தேடிய ஜெர்மானிய ரசாயனி ஓட்டோ ரோம், கணையச் சாற்றிலுள்ள நொதிகளே அந்த வேலையைச் செய்யும் என்று கண்டு, 1907-ஆம் ஆண்டையொட்டி அவற்றைச் சரக்காக்கி விற்றார். அதே நொதி துணியிலுள்ள ரத்தக் கறையையும் தின்னும் என்பதை உணர்ந்து, 1914-இல் சலவைப் பொடியிலும் சேர்த்தார். இன்று வீட்டுக்கு வீடு வாங்கும் நொதி கலந்த சலவைத்தூளின் பூர்வீகம் இப்படித் தோல்குழியில் இருக்கிறது. ஆயினும் தோலும் ரத்தத்தைப் போலப் புரதமே ஆதலால், துணிக்குப் போடும் தூளைத் தோலுக்குப் போடுவது புத்திசாலித்தனமாகாது.

கள்ளக்குறிச்சிச் சீமையின் கிராமங்களில் தோலுக்கு இருந்த பெரிய பிரயோஜனம் செருப்பன்று, கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கிப் பின்வாங்கி ஏற, கிணற்றிலிருந்து சால் நீரை முகந்து வரும்; சாலின் அடியிலே கட்டிய தோல் வால் வாய்க்காலில் அந்த நீரைக் கக்கும். விடியற்காலை தொடங்கி உச்சிவரை நீரில் கிடக்கும் அந்தத் தோலிலிருந்து பட்டைத் துவர்ப்பு சிறிது சிறிதாகக் கழன்றுபோய், பூஞ்சணம் ஏறி, சீக்கிரத்தில் அது இற்றுவிடும். இந்தக் குறையை மனத்தில் வைத்தே, சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் உப்பால் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார்; நீரில் கழலாத தோலைக் கவலைக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய முதல் நோக்கம். ராஜதானியின் தோல் தொழிலைப் பற்றி 1904-இல் அவர் எழுதிய நூல் இன்றும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஆதாரம். சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டை என்று ஓர் ஊரே பெயர்பெறும் அளவுக்கு அந்த முறை வேர்பிடித்தது. கவலையோ, மின்சார மோட்டார் வந்ததும் கிணற்றுமேட்டை விட்டுப் போய்விட்டது.

முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் பூட்ஸுக்காகச் சென்னைத் தோல் முழுவதையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டபோது ஆவாரம்பட்டைக்கு வந்த யோகம், பின்னர் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்து இறங்கியதும் குன்றியது. 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, நாயுடம்மா போன்ற விஞ்ஞானிகளின் காலத்தில் தொழில் சாஸ்திர ரீதியாக வளர்ந்தது. 1973-இல் இந்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கு வரம்பு வகுத்து, இந்த நாட்டிலேயே செருப்பும் சட்டையுமாகச் செய்து விற்கத் தூண்டியது. தொழில் பெருகப் பெருகத் தோல் சுத்தமாயிற்று, பாலாறு கறைபட்டது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பக்கத்துப் பதனிடும் ஆலைகளைப் பற்றிக் கொடுத்த தீர்ப்பு அந்தக் கறையின் சாசனம். கல்வராயன் மலையில் கடுக்காய் இன்றும் பொறுக்கப்படுகிறது. அதைக் கேட்டு வருகிறவர்களுள் தோல்காரரைவிட மருந்துக் கடைக்காரரே இன்று முன்னால் நிற்கிறார்.

எந்தப் புளியும் போக்காத ஒரு கறை மிச்சமிருக்கிறது. செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, குழியில் இறங்கிப் பதனிட்டுக் கொடுத்தவர்களை இந்தச் சமூகம் ஊருக்கு வெளியே நிறுத்தியது. தொழிலின் வாடையைக் காரணமாகச் சொல்லி, பிறப்பிலேயே கறை என்று விதித்தது. அவர்களில் அருந்ததியருக்குக் கல்வியிலும் உத்தியோகத்திலும் மூன்று சதவீத உள் ஒதுக்கீடு என்று தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது 2009-இல்தான். அந்தக் கைகள் பதனிட்ட வால் கிணற்று நீரைக் கக்கியது. அந்த நீரில் நெல் விளைந்தது. அந்த நெல்லை ஊர் முழுவதும் உண்டது. சோற்றில் யாரும் கறை கண்டதாக வரலாறு இல்லை.