கம்பெனி போன பிறகு

1865இல் நோக்கியா தொடங்கப்பட்டபோது அது ரஷ்யப் பேரரசுக்குள்தான் இருந்தது. ஃபிரெட்ரிக் இடெஸ்டாம் என்ற சுரங்கப் பொறியாளர், தாம்பெரே நகரத்தின் அருவிக்கரையில் ஒரு மரக்கூழ் ஆலை போட்டார். பின்லாந்து அன்றைக்குத் தனி நாடு இல்லை. ஜார் மன்னருக்குக் கீழே ஓரளவு தன்னாட்சியோடு இருந்த ஒரு பிரதேசம். 157 வருஷம் கழித்து, 2022 ஏப்ரல் 12 அன்று, அதே நோக்கியா ரஷ்யச் சந்தையை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்து ஏறக்குறைய ஏழு வாரம் ஆகியிருந்தது.

பொட்டிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் பக்கம் நோக்கியா என்றால் 1100. தலையில் டார்ச் லைட் வைத்த போன். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற ஆட்களுக்கு அந்த வெளிச்சமே பாதி விலைக்குச் சமம். 2003இல் வந்த அந்த மாடல் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. போடிமெட்டு வளைவுகளில் ஏறி முடித்ததும் போன் கேரளாவுக்குள் போய்விடும், ரோமிங் காசு ஓட ஆரம்பிக்கும். காய் எடுக்கிற கூலியில் ஒரு பங்கு இப்படிப் போனதுண்டு. 2017 வாக்கில்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரு மலைக்கு ரெண்டு பக்கமும் ஒரே முதலாளி, ஒரே ஆள், ஒரே காய். ஆனால் டவர் மட்டும் வேற வட்டம். தொலைத்தொடர்பு என்பது வானத்தில் இல்லை, அரசாங்கம் போட்ட கோட்டுக்குள்தான் இருக்கிறது என்று நான் கத்துக்கிட்டது அங்கேதான்.

ரஷ்யாவில் இந்தக் கதை நோக்கியாவுக்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பிக்கிறது.

1847இல் பெர்லினில் தொடங்கிய சீமென்ஸ் - ஹால்ஸ்கே கம்பெனிக்குச் சொந்த ஊரிலேயே வேலை குறைந்தது. பிரஷ்ய அரசின் தந்தித் துறையோடு முறிவு. அப்போது கை கொடுத்தது ரஷ்யா. 1853இல் வெர்னர் சீமென்ஸின் தம்பி கார்ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் இறங்கினார். அதே வருஷம் கிரிமியப் போர் மூண்டது. போர்முனையின் சேதி தலைநகருக்கு உடனே தெரிந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ஜார் அரசு கம்பி மேல் கம்பி இழுக்கச் சொன்னது. பின்லாந்திலிருந்து கிரிமியா வரை சீமென்ஸ் தந்திக் கம்பம் நட்டது. கம்பி இழுத்ததோடு வேலை முடியவில்லை. அதைப் பராமரிக்கிற ஒப்பந்தமும் அவர்களுக்கே கிடைத்தது. வருஷா வருஷம் உட்கார்ந்த இடத்தில் வருகிற வருமானம் அதுதான். பொட்டி விக்கிறவனுக்கு ஒரு தடவை காசு, பொட்டியைப் பாத்துக்கிறவனுக்கு ஆயுசு பூரா காசு. இன்றைக்கும் இந்தத் தொழிலின் கணக்கு இதுதான்.

அந்த ரஷ்யக் கம்பிதான் கொஞ்ச வருஷத்தில் இந்தியாவுக்கும் வந்தது. 1857 எழுச்சிக்குப் பிறகு லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே நேரான ஒரு தந்தித் தடம் வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு தவித்தது. துருக்கி வழியாக ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது. சேதி போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும், சேரும்போது சிதைந்தும் போகும். சீமென்ஸ் சகோதரர்கள் வேறு வழி சொன்னார்கள்: பெர்லின், வார்சா, ஒடெஸா, கெர்ச், திபிலிசி, டெஹ்ரான். டெஹ்ரானிலிருந்து தெற்கே புஷேர் துறைமுகம், அங்கிருந்து கடலடிக் கம்பியில் கராச்சி, பிறகு இந்தியா. வெர்னர் பெர்லினில், வில்லியம் லண்டனில், கார்ல் ரஷ்யாவில் என்று அண்ணன் தம்பிகள் மூன்று நாட்டில் உட்கார்ந்திருந்ததால்தான் இது கைகூடியது. 1870 ஏப்ரல் 12 அன்று லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 28 நிமிடத்தில் சேதி போனது. 152 வருஷம் கழித்து நோக்கியா வெளியேற்றத்தை அறிவித்ததும் அதே தேதியில்தான். வெறும் தற்செயல்.

அந்தத் தடம் 1931 வரை இருந்தது. நடுவில் முதல் உலகப்போர் வந்து அதை அறுத்துப்போட்டது. ஜெர்மன் கம்பெனியான சீமென்ஸின் ரஷ்யச் சொத்துகள் போரிலும் புரட்சியிலும் கைமாறின. சுவீடனின் எரிக்சனுக்கும் இதே கதிதான். 1897இல் பீட்டர்ஸ்பர்கில் பெரிய தொலைபேசித் தொழிற்சாலை கட்டியிருந்தார்கள். புரட்சி அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது. பிறகு அது "கிராஸ்னயா ஸார்யா" ஆனது. செவ்விடியல் என்று பொருள். முதலாளி போனார், பெயர் போனது. மிஷினும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் அங்கேயே இருந்தார்கள். சோவியத் தொலைபேசித் தொழில் அந்த மிச்சத்தின் மேல்தான் எழுந்தது.

நோக்கியாவுக்கும் ரஷ்யாவுக்கும் உள்ள உறவு இதைவிடச் சிக்கலானது. இரண்டாம் உலகப்போரில் தோற்ற பின்லாந்து, சோவியத் ஒன்றியத்துக்கு 30 கோடி டாலர் நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது. பணமாக இல்லை, பொருளாக. கப்பல், இயந்திரம், காகிதம், கேபிள். பின்னிஷ் கேபிள் வொர்க்ஸ் என்ற கம்பெனி அந்தக் கேபிள்களைச் செய்து அனுப்பியது. 1952இல் கடன் அடைந்தது. ஆனால் சோவியத் வாடிக்கை நின்றுபோகவில்லை. 1967இல் அந்தக் கேபிள் கம்பெனியும் ஒரு ரப்பர் கம்பெனியும் நோக்கியாவோடு இணைந்தன. தண்டமாகக் கொடுக்க ஆரம்பித்த சரக்கே பிறகு வியாபாரமாயிற்று. 1980களின் கடைசியில் கோர்பசேவ், ஹெல்சிங்கியில் நோக்கியாவின் மொபிரா சிட்டிமேன் போனைக் கையில் பிடித்து மாஸ்கோவுக்குப் பேசினார். செங்கல் கனத்தில் இருந்த அந்தப் போனுக்கு பின்லாந்துக்காரர்கள் "கோர்பா" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

1991இல் சோவியத் உடைந்தது. பின்லாந்தின் ஏற்றுமதி சரிந்து, நாடே பெரும் மந்தத்தில் விழுந்தது. 1992இல் நோக்கியாவின் தலைமைக்கு வந்த யோர்மா ஒல்லிலா மற்ற தொழில்களை ஒவ்வொன்றாக உதறிவிட்டுத் தொலைத்தொடர்பை மட்டும் பிடித்துக்கொண்டார். நம் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது அந்த முடிவின் விளைவாகத்தான். 1995 ஜூலை 31இல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசிய இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு, நோக்கியா கருவியில்தான் நடந்தது.

இனி 2022. மார்ச் மாசமே நோக்கியா ரஷ்யாவுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தது. அந்த மாசக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ரஷ்யாவின் மிகப் பெரிய செல்போன் கம்பெனியான எம்டிஎஸ்ஸின் வலையமைப்பை, 'சோர்ம்' என்ற ஒட்டுக்கேட்கும் ஏற்பாட்டோடு இணைக்கிற வேலையில் நோக்கியாவுக்குப் பங்கு இருந்ததை உள் ஆவணங்கள் காட்டுவதாக அது சொன்னது. சோர்ம் 1990களிலிருந்து இருக்கிறது. செல்போன் கம்பெனி தன் செலவிலேயே அந்தக் கருவியை வைத்துத் தர வேண்டும். உளவுத்துறை யார் பேச்சைக் கேட்கிறது என்பது கம்பெனிக்கே தெரியாது. நோக்கியா மறுத்தது. சோர்ம் கருவியை நாங்கள் செய்வதுமில்லை, பொருத்துவதுமில்லை. சட்டப்படி விடவேண்டிய இணைப்பு வாயிலை மட்டும் விடுகிறோம், எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்றது.

அந்த "எல்லா நாட்டிலும்" என்ற சொல்லில்தான் நாமும் வருகிறோம். 1885ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு பேச்சை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1996இல் பியுசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குச் சில கட்டுப்பாடுகள் போட்டது. ஆனாலும் இங்கே ஒட்டுக்கேட்க உத்தரவு போடுகிறவர் உள்துறைச் செயலாளர், நீதிபதி இல்லை. தந்திச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, அந்த அதிகாரமும் கூடவே வந்திருக்கிறது. ரஷ்யாவைப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்கு முன்னால் இதையும் யோசிக்கணும். பொட்டியைச் செய்கிற கம்பெனி காதுக்கு ஒரு ஓட்டை விட்டே தருகிறது. அந்த ஓட்டையில் யார் காது வைக்கலாம் என்று முடிவு பண்ணுகிற வேலை அந்தந்த ஊர் சனங்களுடையது.

வெளியேற்றம் நடந்த விதமும் கவனிக்கத்தக்கது. 2021இல் நோக்கியாவின் மொத்த விற்பனையில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே சுமார் 2000 பேர் வேலை பார்த்தார்கள். கிளம்புகிற செலவுக்கென்று 10 கோடி யூரோ ஒதுக்கினார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: இருக்கிற வலையமைப்புகள் சட்டென்று விழுந்துவிடக் கூடாது, போகிற காலத்தில் அவற்றைப் பராமரிக்க அனுமதி கேட்கப்போகிறோம் என்று. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற சாதாரண ரஷ்யன் என்ன செய்வான் என்ற கேள்வி அதில் இருந்தது. நியாயமான கேள்விதான். எரிக்சனும் அதே வருஷம் விலகியது.

அதைப் படித்தபோது எனக்கு ஸ்ரீபெரும்புதூர் ஞாபகம் வந்தது. 2005இல் தமிழ்நாடு அரசோடு நோக்கியா ஒப்பந்தம் போட்டது. நிலம், வரிச்சலுகை, சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று அரசு கேட்டதெல்லாம் கொடுத்தது. 2006இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் 8000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறி, சொந்தச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்த முதல் தலைமுறை. சங்கம் வைக்கவும் ஊதியம் கேட்கவும் அங்கே போராட்டங்கள் நடந்தன. 2010இல் ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார்.

2013 ஜனவரியில் வருமான வரித் துறை சோதனைக்கு வந்தது. போனுக்குள் இருக்கும் மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணத்துக்கு வரி பிடித்தம் செய்யவில்லை என்று 2000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. மாநில அரசு தன் பங்குக்கு விற்பனை வரி என்று 2400 கோடி கேட்டது. ஏற்றுமதி என்று காட்டியவை உள்நாட்டில் விற்கப்பட்டன என்பது வாதம். நோக்கியா அதை மறுத்தது. அதே வருஷம் செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. வரி வழக்கில் முடங்கிக் கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014இல் ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்தஞ்சு வயசில் விருப்ப ஓய்வு! மைக்ரோசாப்ட் ஆர்டரை நிறுத்தியதும் நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அதை நம்பிப் பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் மூடியது.

வரித் தகராறு 2018இல் இரண்டு அரசாங்கங்களும் பேசி முடிந்தது. நோக்கியா சுமார் 1600 கோடி கட்டியது. காலியான ஆலையை சால்காம்ப் வாங்கி, 2020 முதல் அங்கே மறுபடி வேலை நடக்கிறது. ஒரகடத்தில் இருக்கிற நோக்கியாவின் வலையமைப்புக் கருவித் தொழிற்சாலையோ நிரந்தரமாக மூடப்படவில்லை. 5ஜி கருவிகளே அங்கே செய்கிறார்கள். ஆக நோக்கியா தமிழ்நாட்டை விட்டு முழுசாகப் போகவில்லை. ஆள் அதிகம் தேவைப்பட்ட வேலையைத்தான் விட்டுப்போனது.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. ரஷ்யாவில் கம்பெனி கிளம்பும்போது அறுந்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இருந்தது: வலையமைப்பு. அதற்கு மாற்று ஏற்பாடு பற்றிப் பேசினார்கள், அனுமதி கேட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் அறுந்தது ஆட்கள். வரித் துறைக்கு அதன் பாக்கிக்கு நீதிமன்றம் இருந்தது. கம்பெனிக்கு வக்கீல்கள் இருந்தார்கள். பின்லாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே பேசித் தீர்க்க ஓர் உடன்படிக்கையே இருந்தது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது ஒருதடவைத் தொகை. அதோடு எட்டு வருஷம் அசெம்பிளி லைனில் கண்ணும் விரலும் கற்ற வேலை. அந்த வேலைக்கு இன்னொரு ஆலை ஐந்தாறு வருஷம் கழித்துத் திறந்தபோது அவர்களில் பலருக்கு முப்பது தாண்டியிருக்கும். இந்த மாதிரி ஆலைகள் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருப்பவர்களைத்தான் தேடுகின்றன.

எங்கள் ஊரில் பெரிய திட்டம் என்றால் நியூட்ரினோ. 2015இல் மத்திய அமைச்சரவை 1500 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. பொட்டிபுரத்து மலையைக் குடைந்து ஆய்வகம் வைப்பதாக ஏற்பாடு. அதன் அறிவியல் பற்றியும் ஆபத்து பற்றியும் மாநிலமே சண்டை போட்டது. ஊருக்குள் கேட்ட கேள்விகள் அதைவிட எளிமையானவை. ஆடு மாடு மேய்க்கிற பாதை இருக்குமா? தண்ணி எங்கிருந்து எடுப்பீங்க? நாளைக்கு வேணாம்னு போனா மலையை யாரு மூடுவா? 2022இல் தமிழ்நாடு அரசு இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அந்த மூன்றாவது கேள்வி மட்டும் எனக்கு மனசில் நிற்கிறது.

2005 ஒப்பந்தத்தின்போது தமிழ்நாடு கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் இன்றைக்குப் புதுப் பெயர்ப்பலகைகளோடு பஸ்கள் ஓடுகின்றன. விடுதிகள் மறுபடி நிறைந்திருக்கின்றன. புது ஒப்பந்தங்களில் எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் வேலை என்று முதல் பக்கத்திலேயே போடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில், கம்பெனி கிளம்பினால் தொழிலாளிக்கு எத்தனை மாசச் சம்பளம், அடுத்த வேலைக்கு என்ன பயிற்சி, வாங்கிய சலுகையில் எவ்வளவு திருப்பித் தரணும் என்று மூணு வரி எழுதச் சொல்லிக் கேட்பதில் எந்த முதலீடும் ஓடிப்போய்விடாது. நோக்கியாவே 10 கோடி யூரோவை எடுத்து வைத்துவிட்டுத்தானே ரஷ்யாவிலிருந்து கிளம்பியது?