லேடாங் மலையும் மெல்ல நடந்த பயணியும்

ஜொகூர் மாநிலத்தின் தென்கோடியில், கடற்கரையோரம் அமைந்த தொழில் நகரம் பாசிர் கூடாங். 1977ஆம் ஆண்டில் துறைமுகம் செயற்படத் தொடங்கிய பின்னர், அங்குச் செம்பனை எண்ணெய் ஆலைகளும் இரசாயனத் தொழிற்சாலைகளும் பெருகின. இரவு பகலாக மாறி மாறி வரும் வேலை நேரமே அந்நகர மக்களின் வாழ்வை அளக்கும் கோலாயிற்று. அதே மாநிலத்தின் வடமேற்கு எல்லையில், 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது லேடாங் மலை. விரைவையே வாழ்வாகக் கொண்டோர்க்கு அம்மலையின் வரலாறு கூறும் செய்தி ஒன்று உண்டு.

மலாய் இலக்கியச் செல்வமாகிய ‘செஜாரா மெலாயு’ லேடாங் இளவரசியின் கதையைக் கூறுகின்றது. மலாக்காவின் கடைசி மன்னரான சுல்தான் மாமூட், அம்மலையில் வாழ்ந்த இளவரசியை மணக்க விரும்பித் தூதர்களை அனுப்பினார். முதுமை எய்திய ஹங் துவாவால் மலையேற இயலவில்லை; துன் மாமாட் என்பவரே ஏறினார். இளவரசி கேட்ட சீர்வரிசையோ வியப்புக்குரியது. மலாக்காவிலிருந்து மலை வரை பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள், ஏழு தட்டுக் கொசு இதயங்கள், தாழி நிறையக் கண்ணீர் எனத் தொடங்கி, இளவரசனின் குருதியில் ஒரு கிண்ணம் என்பதில் முடிந்தது. பெற்ற மகனின் குருதியைச் சிந்த மனம் ஒப்பாத மன்னர் தம் ஆசையைக் கைவிட்டார். ஒருமுறையேனும் தம் காலால் அம்மலையில் நடந்து பாராது, அரண்மனையில் இருந்தபடியே அதன் செல்வத்தை அடைய எண்ணியவர் அவர்.

நூற்றாண்டுகள் கடந்தன. 1854ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கையியலாளர் மலாக்காவிற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 31. மலாக்காவில் காய்ச்சலால் வருந்தித் தேறிய பின்னர், ஆயர் பானாஸ் என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ முப்பது மைல் தொலைவிலுள்ள லேடாங்கை நோக்கி நடந்தார். சுமை தூக்க ஆறு மலாய்க்காரர் உடன் சென்றனர். அரிசி, கருவாடு, காப்பித்தூள், கம்பளி, பூச்சி பிடிக்கும் வலை ஆகியவை அவர்களுடைய மூட்டைகளில் இருந்தவற்றுட் சில.

முதல் நாள் இரவு மலாய்த் தலைவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் தங்கினர். அவர் கோழியும் முட்டையும் கொடுத்து உபசரித்தார். மறுநாள் முழங்கால் அளவு சேற்றில் நடந்தனர். அட்டைகள் விடாது கடித்தன. மலையேற்றத்தின்போது பாடாங் பத்து என்னும் பாறை வெளியில் தாகம் வாட்டியது. எங்கும் நீர் இல்லை. இறுதியில் குடுவைச் செடிகளில் தேங்கிய நீரைப் பருகினர். பூச்சிகள் மிதந்த அந்நீர் வெதுவெதுப்பாக இருந்தும் சுவையாகவே இருந்தது என்று வாலஸ் எழுதுகிறார். உச்சியை அடைந்ததும் காப்பி காய்ச்சிக் குடித்தனர். அமைதியான மாலைப்பொழுதில், எல்லையற்று விரிந்த காட்டையும் இடையே மின்னிய ஆறுகளையும் கண்டு மகிழ்ந்தனர்.

உச்சியைக் கண்டதோடு அவர் திரும்பிவிடவில்லை. அடிவாரத்தில் ஓடையோரம் சிறு குடிசைகள் அமைத்து ஒரு வாரம் தங்கினார். குவாங் என்னும் ஆர்கஸ் பறவையின் குரல் நாள்தோறும் கேட்டது. பறவையோ கண்ணிற் படவில்லை. அதற்காக அவர் மனம் சலிக்கவில்லை. 1858ஆம் ஆண்டில் இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை எழுதி உலகப் புகழ் பெற்ற அறிஞர், இவ்வாறு பொறுமையாகப் பார்த்தும் கேட்டும் பழகியவரே. லேடாங் பயணத்தை 1869இல் வெளியான ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் நூலில் அவர் பதிவு செய்தார்.

பின்னாளில் மலையைச் சூழ்ந்த தங்காக், சாகில் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் எழுந்து மரம் சீவிய தமிழர்கள் லேடாங்கின் முகில் மூடிய முடியைக் கண்டே பொழுதைத் தொடங்கினர். இன்று அம்மலை தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. பாசிர் கூடாங்கிலிருந்து நெடுஞ்சாலை வழியே சில மணி நேரத்தில் அடிவாரத்தை அடைந்துவிடலாம்.

ஆயினும் மலையின் மேலே இன்றும் நடந்துதான் செல்ல வேண்டும். பொன் பாலம் கட்ட எண்ணிய மன்னருக்குக் கிட்டாத அமைதி, சேற்றில் நடந்து திண்ணையில் உறங்கிய வழிப்போக்கருக்குக் கிட்டியது. மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இவ்விரு பயணங்களையும் வழியிலேயே சொல்லிக்கொண்டு நடப்பாராயின், வரலாறு அவர்தம் கால்களிலும் பதியும்.