பால்மரமும் எஃகும்

உருக்காலை என்றதும் நிலக்கரிச் சுரங்கமே நினைவுக்கு வரும். பிறைத் தொழில்நகரில் எழுந்த மலாயவாத்தா ஆலையின் கதை வேறு. ஜப்பானிய யாவாத்தா நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் அமைந்து, 1967இல் உற்பத்தி தொடங்கியது அவ்வாலை. ஜூரோங்கில் 1963இல் இயங்கத் தொடங்கிய தேசிய இரும்பு உருக்காலை பழைய இரும்பை உருக்கியது. அதற்கு ஊதுலை வேண்டியதில்லை. பிறையிலோ தாதினின்று இரும்பை எடுக்க வேண்டும். கற்கரிக்கு ஏற்ற நிலக்கரி மலாயாவில் இல்லை. ஆகவே, பால் வற்றி மறுநடவுக்காக வெட்டப்பட்ட இரப்பர் மரங்களைச் சூளையிலிட்டுக் கரியாக்கினர். அக்கரியே உலைக்கு வெப்பந் தந்து, தாதிலுள்ள உயிர்வளியையும் பிரித்து இரும்பை விடுவித்தது. அத்தகைய மரங்கள் பலவற்றை நட்டவரும் சீவியவரும் நம் தோட்டத் தமிழரே அல்லரோ! ஆலையின் வரலாற்றில் அவர்க்கு ஒரு வரியேனும் உண்டா எனத் தேடும் பணியை மாணவர்க்கு விடுகிறேன்.