தன் உட்புழையைத் தானே சொல்லும் சிமெண்ட்

1985 டிசம்பர் 4 அன்று வேல்ஸ் நாட்டில் இனிஸ்-இ-க்வாஸ் பாலம் முன்னறிகுறி ஏதுமின்றி இடிந்து விழுந்தது. கான்கிரீட் துண்டுகளின் இணைப்புகளில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், இறுக்கி இழுக்கப்பட்ட எஃகு வடங்கள் அரித்துப்போயிருந்தன. 1986இல் கோவாவின் மாண்டவி பாலம் வீழ்ந்தது. அங்கும் வடங்களின் அரிப்பே காரணமாகக் கூறப்பட்டது.

இத்தகைய பாலங்களில் வடம் செல்லும் குழாயைச் சிமெண்ட் கூழால் நிரப்புவர். கூழ் எட்டாத இடம் வெற்றிடமாகத் தங்கிவிட்டால், நீரும் உப்பும் அங்கே சேரும். அதனை வெளியிலிருந்து நம்பகமாகக் கண்டறிவது அரிதாக இருந்தது. எனவே 1992இல் பிரிட்டன் அரசு இவ்வகைப் புதிய பாலங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

சுத்தியலால் தட்டி ஓசை கேட்டல், மீயொலியின் வேகத்தை அளத்தல், 1980களில் அமெரிக்காவில் வளர்ந்த மோதல்-எதிரொலி முறை ஆகிய அனைத்தும் கான்கிரீட்டை வெளியிலிருந்து வினவியவை. 1993இல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் பூ-வோய் சென், டெபோரா சங் இருவரும் வேறு வழியைக் காட்டினர். குறுங்கார்பன் இழைகள் கலந்த கான்கிரீட்டில் சுமைக்கும் சிதைவுக்கும் ஏற்ப மின்தடை மாறியது. கட்டுமானப் பொருளே உணர்கருவியாயிற்று.

அதற்கு இரண்டாண்டு முன்னர், ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமாவின் கட்டுரை கார்பன் நானோகுழாய்களின்பால் உலகின் கவனத்தை ஈர்த்திருந்தது. 2000களில் இவ்விரு ஓடைகளும் கலந்தன. சிமெண்டில் சீராகப் பரவிய நானோகுழாய்கள் ஒன்றையொன்று தொட்டோ நெருங்கியோ மின்வலையாகின்றன. உள்ளே வெற்றிடம் இருப்பின் மின்னோட்டம் அதனைச் சுற்றிச் செல்கிறது, தடை உயர்கிறது. பல மின்முனைகளின் அளவீடுகளைச் சேர்த்துக் கணித்தால் உட்புறத்தின் கடத்துதிறன் வரைபடம் கிடைக்கிறது.

ஆயினும் இடர்கள் உள. நானோகுழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்பவை. அவ்வாறு திரண்டால், குழாய் சேராத பகுதி வெற்றிடம்போலத் தோற்றமளிக்கும். சிமெண்டின் நுண்துளை நீரும் மின்னைக் கடத்துவதால் ஈரப்பதம் அளவீட்டைக் குழப்பும். இதனினும் கவலைக்குரியது வேறொன்று: காற்று நிறைந்த வெற்றிடம் தடையை உயர்த்துகிறது, உப்புநீர் நிறைந்ததோ தானே மின்னைக் கடத்துகிறது. வடத்தை அரிக்கும் வெற்றிடமே அளவீட்டில் மங்கிவிடக்கூடும்.

மேலும், இப்பொருளைப் புதிய கட்டுமானத்திலோ பழுதுபார்க்கும் பூச்சிலோதான் கலக்க இயலும். நானோகுழாய்க்கு முன் வார்க்கப்பட்ட பாலங்களின் உட்புறத்தை அறிய, இன்றும் சுத்தியலும் ஒலியலையும் துணைபுரிகின்றன.