கப்பலேறிய கறி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரோட்டுக்காரர் ஒருவர் "கறி எடுக்கப் போறனுங்க" என்றால், அவர் கிளம்புவது ஆட்டுக்கறிக் கடைக்கு. லண்டன்காரருக்கு அதே சொல் காரமான குழம்பு; அதில் கிடப்பது காயா, கோழியா என்பது அடுத்த கேள்வி.

சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. பிறகு சோற்றுக்குத் துணையாக வந்த காயும் இறைச்சியும் அந்தப் பெயரைப் பெற்றன. மேற்குக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் அதைக் காதில் வாங்கி 'கரில்' என்றார்கள். டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலமானபோது சொல்லும் உடன் போனது.

1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தன் சமையல் நூலில் இந்திய முறைக் கறி ஒன்றைச் சேர்த்தார். கோழி அல்லது முயல், வெங்காயம், மிளகு, சுத்தமான சட்டுவத்தில் வறுத்த கொத்தமல்லி விதை. மஞ்சள் கிடையாது! பிந்தைய பதிப்பில்தான் மஞ்சளும் இஞ்சியும் நுழைந்தன.

அம்மியும் அரைக்கும் கையும் இல்லாத வீடுகளுக்கு வழி வேண்டுமே. 1784இல் லண்டன் பிக்காடிலியின் வாசனைப் பொருள் கடை ஒன்று கறிப்பொடிக்கு விளம்பரம் கொடுத்தது. உணவின் பெயர் அதோடு டப்பாவின் பெயராகிவிட்டது. டப்பாவில் அடைத்ததால் எங்கும் போக முடிந்தது: ஜப்பானில் அது 'கரே', 1949இல் பெர்லினில் ஹெர்ட்டா ஹாய்வர் வறுத்த சாசேஜ் மீது தக்காளிச் சாஸும் கறிப்பொடியும் சேர்த்து விற்க, 'கரிவர்ஸ்ட்' பிறந்தது.

எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பொடியின் அடையாளம் மஞ்சள் நிறம்தான். அந்த நிறத்தைத் தரும் மஞ்சளை விற்கும் பெரிய சந்தை ஈரோட்டில். வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய மஞ்சள் விரலி என்றும் கிழங்கு என்றும் பிரிந்து இங்கே ஏலத்துக்கு வருகிறது. 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1975இல் தொடங்கிய சக்தி மசாலா நிறுவனத்தின் கதையும் மஞ்சள் வியாபாரத்தில் இருந்துதான் கிளம்புகிறது.

உலகம் கறியைப் பொடியாகவும் நிறமாகவும் மாற்றிக்கொண்டது. அந்த நிறத்துக்குச் சரக்கு அனுப்பும் ஈரோட்டுக்காரர் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அவரிடம் காய்க்குழம்பைக் காட்டிக் கறி என்று சொல்லிப் பாருங்கள், "கறி எங்கீங்க?" என்பார்.