கப்பல் ஏன் கனடாவுக்குப் போகிறது?

பதிவு நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்தியவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் காபி குடித்துவிட்டு வந்து தொடரலாம்.

என் தங்கை வீட்டு மாப்பிள்ளை அண்மையில் பணி ஓய்வு பெற்றார். பணிக்கொடைப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, வரும் கோடையில் தங்கையுடன் அலாஸ்கா போவதாகத் திட்டம். ஏழு இரவு கப்பலில், அதன் பிறகு ஐந்து நாள் ரயிலிலும் பேருந்திலும். சியாட்டிலில் இருக்கும் மருமகன் எல்லா ஏற்பாடும் செய்கிறான். போன வாரம் மாப்பிள்ளை போனில் கேட்டார்: "மச்சான், சியாட்டிலும் அமெரிக்கா, அலாஸ்காவும் அமெரிக்கா. அமெரிக்க விசா கையில இருக்கு. நடுவுல கனடா விசா எதுக்குங்க? கப்பல்காரன் எதுக்கு அங்க கொண்டுபோய் நிறுத்துறான்?"

நல்ல கேள்வி. அன்று போனில் பாதிதான் சொன்னேன். மீதி உங்களுக்கும் பயன்படும். உங்களில் பலர் ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறீர்கள். சிலர் பெற்றோரை அழைத்துப் போக யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

விடை 1886-ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கும் வேலையை வெளிநாட்டுக் கப்பல் செய்யக் கூடாது, செய்தால் தலைக்கு 2 டாலர் அபராதம். 2 டாலர் யாரையும் பயமுறுத்தவில்லை போலிருக்கிறது, 1898-ல் அதை 200 டாலர் ஆக்கினார்கள். தங்கள் நாட்டுக் கப்பல் கட்டுபவர்களையும் மாலுமிகளையும் காப்பாற்றப் போட்ட சட்டம் அது. இன்று அலாஸ்காவுக்கு ஓடும் பெரிய உல்லாசக் கப்பல்கள் இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், பின்லாந்து போன்ற நாடுகளில் கட்டியவை. பகாமாஸ், பெர்முடா, நெதர்லாந்து என்று வெளிநாட்டுக் கொடி பறப்பவை. ஆகவே சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பல், வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். பக்கத்தில் இருப்பது கனடாவின் விக்டோரியா. பல கப்பல்கள் அங்கே மாலையில் வந்து, சில மணி நேரம் நின்று, நள்ளிரவில் கிளம்பிவிடும். சடங்குக்கு நிற்பதுதான். ஆனால் நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சடங்குக்கும் விசா வேண்டும்.

கப்பலோடு தரைப்பயணமும் சேரும்போது முடிச்சு இன்னும் இறுகும். தரைப்பயணம் வேண்டுமென்றால் வடக்கே சீவர்டிலோ விட்டியரிலோ இறங்கிவிட வேண்டும், திரும்பி வரக் கூடாது. சியாட்டிலில் ஏறி சீவர்டில் இறங்கினால் அது இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே ஒருவழிப் பயணம். நடுவில் கனடாவைத் தொட்டாலும் சட்டம் ஒப்புக்கொள்ளாது. அதனால்தான் இந்த வகைப் பயணங்கள் கனடாவின் வான்கூவரில் தொடங்குகின்றன. மருமகன் வான்கூவரைத் தேர்ந்தெடுத்தது சரியே. கனடா விசாவுக்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு, அது கைக்கு வந்த பிறகு கப்பலுக்கு முழுப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சட்டத்தின் பிடி எவ்வளவு என்பது 2021-ல் தெரிந்தது. கொரோனாவுக்காகக் கனடா தன் துறைமுகங்களை உல்லாசக் கப்பல்களுக்கு மூடியது. அலாஸ்காவுக்கும் சேர்த்துப் பூட்டு விழுந்துவிட்டது. கடைசியில் அந்த ஆண்டு மே மாதம், அலாஸ்காவுக்கு மட்டும் தற்காலிக விலக்கு கொடுத்து அமெரிக்கா தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

சரி, முதலில் அங்கே வேடிக்கை பார்க்கப் போனவர்கள் யார்? 1867-ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்த ட்லிங்கிட் முதலான மக்களை விற்றவனும் கேட்கவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை. 1879-ல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆர்வலர் ட்லிங்கிட் துடுப்பாளர்களோடு படகில் போய் கிளேசியர் பே விரிகுடாவின் பனியாறுகளைப் பார்த்து எழுதினார். நாலே ஆண்டில், 1883-ல், எலிசா சிட்மோர் என்ற பெண் பத்திரிகையாளர் 'ஐடஹோ' என்ற நீராவிக் கப்பலில் அதே விரிகுடாவுக்குள் போனார். சரக்கும் தபாலும் கொண்டுபோகிற கப்பல் அது. அவர் 1885-ல் வெளியிட்ட பயண நூலைப் படித்துவிட்டு வசதி படைத்தவர்கள் கிளம்பினார்கள். (வாஷிங்டனில் வசந்தத்தில் பூக்கும் ஜப்பானியச் செர்ரி மரங்களை நடச்சொல்லிப் பல ஆண்டுகள் மன்றாடியவரும் இதே அம்மையார்தான். இந்தியாவைப் பற்றியும் 1903-ல் ஒரு புத்தகம் எழுதினார்.)

எனக்கு மிகவும் பிடித்த கதை 1899-ஆம் ஆண்டுப் பயணம். எட்வர்ட் ஹாரிமன் பெரிய ரயில்வே முதலாளி. உழைத்து உழைத்துக் களைத்துப்போன அவரிடம் டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். நாமாக இருந்தால் குற்றாலம் போய் நான்கு நாள் குளித்துவிட்டு வருவோம். அவர் 'ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்' என்ற கப்பலையே எடுத்து, குடும்பத்தோடு விஞ்ஞானிகள், ஓவியர்கள், புகைப்படக்காரர்கள் என்று ஒரு பட்டாளத்தையே ஏற்றிக்கொண்டு, பாலுக்கு ஒரு கறவை மாட்டையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு மாதம் அலாஸ்காக் கரையைச் சுற்றினார். ஜான் மியூரும் அந்தக் கப்பலில் இருந்தார். பயணத்தின் முடிவில் பறவை, செடி, பனியாறு என்று தொகுதி தொகுதியாக ஆய்வுகள் வெளிவந்தன. ஓய்வுக்குப் போனவர் இவ்வளவு வேலை வாங்கியிருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. திரும்பும் வழியில் கேப் ஃபாக்ஸ் என்ற இடத்தில் ஆளில்லாத ட்லிங்கிட் கிராமம் ஒன்றைக் கண்டார்கள். வீடுகளின் முன்னால் செதுக்கிய மரத் தூண்கள் நின்றன. ஒவ்வொரு தூணும் ஒரு குலத்தின் வரலாறு. மக்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள், தூண்களைத் துறந்துவிடவில்லை. 'யாருமில்லை' என்று முடிவு கட்டி, தூண்களைப் பிடுங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். அவை அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குப் போயின. 102 ஆண்டுகள் கழித்து, 2001-ல், அந்த மக்களின் வழித்தோன்றல்களிடம் தூண்கள் திரும்பி வந்தன. கெட்சிகன் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது பக்கத்தில் சாக்ஸ்மன் என்ற ஊருக்குத் தூண்கள் பார்க்கக் கூட்டிப்போவார்கள். கேப் ஃபாக்ஸ் மக்கள் குடியேறிய ஊர் அதுதான். தங்கையிடம் சொல்லியிருக்கிறேன், படம் எடுப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள் என்று. குடையும் எடுத்துக்கொள், கெட்சிகனில் வருடத்துக்கு 140 அங்குலத்துக்கு மேல் மழை.

இனி ரயில். 1897 ஜூலையில் 'போர்ட்லண்ட்' என்ற கப்பல் கிளாண்டைக் தங்கத்தோடு சியாட்டிலில் வந்து நின்றது. வேலையை விட்டுவிட்டு ஆயிரம் ஆயிரமாக வடக்கே ஓடினார்கள். ஒரு வருடத்துக்கான சாப்பாடு இல்லாமல் யாரையும் கனடாப் போலீஸ் எல்லைக்குள் விடவில்லை. சாமான்களோடு சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமை. அதைத் துண்டு துண்டாக முதுகில் தூக்கிக்கொண்டு, ஒரே மலையைப் பலமுறை ஏறி இறங்கினார்கள். வைட் பாஸ் கணவாயில் சுமை இழுத்த குதிரைகள் சுமார் 3000 செத்தன. அந்தப் பாதைக்கே 'செத்த குதிரைப் பாதை' என்று பெயர்.

அந்தக் கணவாயில் 1898-ல் ரயில் பாதை போட ஆரம்பித்து, 1900 ஜூலையில் முடித்தார்கள். ஸ்காக்வேயிலிருந்து வைட்ஹார்ஸ் வரை 110 மைல். முதல் 20 மைலுக்குள் ஏறக்குறைய 3000 அடி ஏறுகிறது. நம் நீலகிரி மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ல், கிட்டத்தட்ட அதே சமயம். நம்முடையதற்குப் பல்சக்கரம் உண்டு, அங்கே அதுகூட இல்லை. தண்டவாள அகலமும் நம்முடையதைவிடக் குறைவு. பாவம், பாதை முடிவதற்குள் தங்க வேட்டையே அடங்கிவிட்டது! பிறகு சுரங்கத் தாதுவை ஏற்றிப் பிழைத்தது. 1982-ல் சுரங்கங்கள் நொடிக்க ரயிலும் நின்றது. 1988-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது, இந்த முறை உல்லாசக் கப்பல் பயணிகளுக்காக. முதுகில் சுமை தூக்கி ஏறிய மலையை இன்று ஜன்னலோரம் உட்கார்ந்து தாண்டுகிறோம்.

சீவர்டிலிருந்து ஆங்கரேஜ் வழியாக டெனாலிக்கும் ஃபேர்பேங்ஸுக்கும் போகிற ரயில் வேறு. அது அரசாங்கம் போட்டது. 1923 ஜூலை 15 அன்று ஜனாதிபதி ஹார்டிங் நெனானாவில் தங்க ஆணி அடித்து முடித்துவைத்தார். ரயிலில் நாட்டைக் கடந்து, கப்பலில் அலாஸ்கா வந்து, சீவர்டில் இறங்கி மறுபடி ரயில் ஏறினார். பார்க்கப்போனால் மாப்பிள்ளை போடும் அதே திட்டம். ஊர் திரும்பும் வழியில், ஆகஸ்ட் 2-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் ஹார்டிங் காலமானார் என்பதைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை. (இங்கே படித்துவிட்டால் பரவாயில்லை. அவருக்கு இதய நோய் இருந்தது. மாப்பிள்ளை தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறார்.)

பணக்காரர்களின் பயணம் எப்படிப் பென்ஷன்காரர் கைக்கு எட்டியது? அதற்குக் காரணம் விமானம். அதுவரை கப்பல் என்றால் பெரும்பாலும் பிழைப்புக்கான போக்குவரத்து. நம் பக்கத்திலேயே 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். 1958-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்ட ஜெட் விமானம் வந்தது. சில ஆண்டுகளில் பயணிகள் கப்பல்களுக்கு வேலை போயிற்று. வேலை இல்லாத கப்பலை என்ன செய்வது என்ற கவலையிலிருந்து பிறந்ததுதான் இன்றைய உல்லாசக் கப்பல் தொழில்.

அலாஸ்காவுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 'பிரின்சஸ் பட்ரீசியா' கோடையில் வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஓடிய கனடாக் கப்பல். குளிர்காலத்தில் சும்மா கிடக்கும். 1965 குளிர்காலத்தில் அதை ஸ்டான்லி மெக்டொனால்ட் என்பவர் வாடகைக்கு எடுத்து, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மெக்சிகோவுக்கு உல்லாசப் பயணம் நடத்தினார். பிரின்சஸ் என்ற பெயரில் இன்று ஓடும் கப்பல் நிறுவனம் அப்படித் தொடங்கியதுதான். பிறகு நிறுவனங்கள் அலாஸ்காவில் தங்களுக்கென்று விடுதி கட்டி, கண்ணாடிக் கூரை போட்ட ரயில் பெட்டிகள் வாங்கி, அரசாங்க ரயிலோடு கோத்துவிட்டன. கப்பல், ரயில், விடுதி எல்லாம் ஒரே சீட்டில். வயதானவர்களுக்குப் பெட்டி தூக்குகிற தொல்லை இல்லை, அது உண்மையான வசதி. ஆனால் நம் காலும் காசும் அவர்கள் வளையத்தைவிட்டு வெளியே போகாது என்பதும் உண்மை.

என்னைக் கேட்டால், கப்பல் நாளைவிடத் தரை நாள்தான் முக்கியம். டெனாலி மலையுச்சி மூன்று நாளில் ஒரு நாள்தான் மேகம் விலகித் தெரியும் என்பார்கள். ஒரு ராத்திரி மட்டும் தங்குகிறவர் பெரும்பாலும் மேகத்தைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டு ராத்திரியாவது வையுங்கள் என்றேன். பூங்காவுக்குள் போக ஒரே சாலை, 92 மைல். 2021 ஆகஸ்டில் மண்சரிவு அதை 43-ஆவது மைலில் அடைத்துவிட்டது. எதுவரை பேருந்து போகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் சீட்டு வாங்க வேண்டும். மலையின் பெயரைப் பற்றியும் சண்டை. மக்கின்லி என்று வைத்தார்கள், 2015-ல் டெனாலி ஆனது, 2025-ல் அரசு மறுபடி மக்கின்லி என்றது. பூங்காவின் பெயர் டெனாலியாகவே இருக்கிறது. ஜனாதிபதி மக்கின்லி அலாஸ்காப் பக்கம் வந்ததே கிடையாது.

கிளேசியர் பே பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1794-ல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அங்கே விரிகுடாவே கிடையாது என்று சொல்லலாம், சில மைல் உள்வாங்கிய பனிச்சுவர்தான். மியூர் வந்த 1879-க்குள் பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் 60 மைலுக்கு மேல் உள்ளே போகிறது. அதற்கு முன், 1700-களில், அதே பனி முன்னேறி வந்து ஹூனா ட்லிங்கிட் மக்களின் ஊரை அழித்தது. உயிரோடு படகில் தப்பிப் போனார்கள். பனி விலகிய பின் திரும்ப நினைத்தபோது அது அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட இடமாகிவிட்டது. பழைய ஊர் இருந்த இடத்தின் அருகில், பார்ட்லெட் கோவ் கரையில், 2016-ல் அவர்களுக்கென்று ஒரு குலவீடு எழுப்பினார்கள். பெரிய கப்பல்கள் அங்கே நிற்பதில்லை, நேரே பனியாற்றுக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அந்த விரிகுடாவில் அனுமதி. ஆகவே தேதியைப் பார்ப்பதற்கு முன்னால், கப்பல் அங்கே போகிறதா இல்லையா என்று பாருங்கள். போகாத கப்பல்களும் உண்டு, விளம்பரத்தில் பனிப்படம் மட்டும் பெரிதாக இருக்கும்.

ஜூனோவிலும் இப்போது கணக்கு வைக்கிறார்கள். அலாஸ்காவின் தலைநகர் அது. வெளியிலிருந்து சாலை கிடையாது, கப்பல் அல்லது விமானம்தான். சுமார் 32,000 பேர் வாழும் ஊருக்கு 2023-ல் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்தார்கள். 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் போதும் என்று ஊர் நிர்வாகமும் கப்பல் நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2026 முதல் கப்பலில் உள்ள படுக்கைகளையும் எண்ணுகிறார்கள்: மற்ற நாட்களில் 16,000, சனிக்கிழமையில் 12,000. கூட்டம் பிடிக்காத என் தங்கைக்காக, கப்பல் சனிக்கிழமையன்று ஜூனோவைத் தொடுகிற பயணமாகப் பார்க்கச் சொல்லி மருமகனுக்கு நேற்று எழுதியிருக்கிறேன்.